குறுக்கு வலிக்கு ஒட்டு மருந்தா?



ஊருக்குப் புறப்படும்போது நம் பெட்டிகளில் என்ன இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாக்லேட், சோப்பு, பிள்ளைகளுக்கு உடுப்பு, பெரியவர்களுக்குத் தைலம். சென்ற முறை நான் சிட்னியிலிருந்து புறப்படுவதற்கு முன், என் அம்மா தொலைபேசியில் அந்தப் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்.

"ஏங்கண்ணு, உனக்கு அங்க ஒட்டுனாங்களே ஒரு பிளாஸ்திரி, அதுல ரெண்டு மூணு எனக்கும் கொண்டா. குறுக்கு வலி தாங்க முடியல."

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கிறது. வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம், பெரிய வைத்தியத்துக்குக் கோயம்புத்தூர் என்று வாழ்பவர்கள் நாங்கள். குறுக்கு என்று எங்கள் பக்கம் சொல்வது கீழ் முதுகை. கடலைக்காட்டில் களை வெட்டியும், புல்லுக்கட்டுச் சுமந்தும், குந்தி உட்கார்ந்து மாடு கறந்தும் தேய்ந்த குறுக்கு என் அம்மாவுடையது. வயது எழுபத்து நான்கு.

அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த மருந்தை நானே ஒட்டியிருக்கிறேன். கிடங்கு வேலையில் பெட்டி தூக்கி முதுகு பிடித்துக்கொண்டபோது, இங்கே ஒரு மருத்துவர் எனக்குப் புப்ரினார்ஃபின் என்ற ஒட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார். ஏழு நாளைக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். முதல் மாதம் சொர்க்கம் என்றே சொல்ல வேண்டும். மூன்றாம் மாதம் வலி திரும்பியது, மருந்தின் அளவு கூடியது. கூடவே மலச்சிக்கல், பகல் தூக்கம், ஒட்டிய இடத்தில் அரிப்பு, எதிலும் நாட்டமில்லாத ஒரு மந்தம். பிறகு வேறொரு மருத்துவர் பல மாதங்கள் எடுத்துக்கொண்டு, படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். திடீரென்று நிறுத்தினால் உடல் தாங்காது என்றார். முழுவதும் விட்ட பிறகு பார்த்தால், மருந்து இருந்தபோது எவ்வளவு வலித்ததோ அவ்வளவுதான் வலித்தது!

ஆகவே வெறுங்கையோடு போனேன். அம்மாவுக்கு வருத்தம். "பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பனுக்கு ஒட்டுறாங்க. உனக்கு ஒட்டுனாங்க. எனக்கு மட்டும் ஆகாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் வீடுகளில் தலைமுறையாக ஒட்டி வரும் பெல்லடோனா பிளாஸ்திரி வேறு, இது வேறு. ஃபென்டனில், புப்ரினார்ஃபின் ஆகிய இரண்டும் அபினி வகையைச் சேர்ந்த மருந்துகள். தோல் வழியாக இரத்தத்தில் கலந்து, மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்பவை. வலிக்கும் இடத்தில் அவை எதையும் சரி செய்வதில்லை. அதனால்தான் முதுகு வலிக்காரனான எனக்கு மேல்கையில் ஒட்டச் சொன்னார்கள்.

பெரியப்பாவின் கதை வேறு. அவருக்கு வாயில் புற்றுநோய். பஞ்சாயத்தின் வலி நிவாரணப் பிரிவுச் செவிலியர் வீடு தேடி வருகிறார். முதலில் மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். விழுங்க முடியாமல் போனதும், மருத்துவர் கணக்குப் பார்த்து, மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்றும் ஃபென்டனில் ஒட்டு மருந்துக்கு மாற்றினார். அந்த மனிதர் இப்போது இரவில் தூங்குகிறார், பேரனோடு பேசுகிறார். இதற்கு மேல் ஒரு மருந்து என்ன செய்ய வேண்டும்?

இந்த வசதி கேரளத்துக்குத் தானாக வந்துவிடவில்லை. 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளுக்கு அஞ்சி, இந்தியாவில் மருத்துவமனைகளே மார்ஃபினைக் கைவிட்ட காலம் ஒன்று உண்டு. அபினி விளையும் நாட்டில், புற்றுநோயாளிகள் வலியில் துடித்துச் செத்தார்கள். 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஊர் மக்களும் தொண்டர்களாகக் கை கொடுத்தார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் அப்படி அறிவித்த முதல் மாநிலம் அதுதான். 2014இல் சட்டமும் திருத்தப்பட்டு, உரிமம் பெறும் முறை எளிதானது.

சரி, அந்த மருந்து அம்மாவின் குறுக்குக்கு ஏன் ஆகாது? "பழக்கமாகிவிடும்" என்பது பாதிப் பதில்தான். முக்கியமான பதில், நாட்பட்ட சாதாரண முதுகு வலியில் அது சொன்ன வேலையைச் செய்வதில்லை என்பது.

2018இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், முதுகு வலியோ மூட்டு வலியோ உள்ள 240 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அபினி வகை மருந்துகளும், மற்றதற்குச் சாதாரண வலி மருந்துகளும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு ஃபென்டனில் ஒட்டு மருந்து வரை அதில் இடம் இருந்தது. முடிவில், நடமாட்டத்தில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. வலி சற்றுக் குறைவாக இருந்தது சாதாரண மருந்து எடுத்தவர்களுக்கே. 2023இல் நம் சிட்னியிலேயே, புதிதாக முதுகு வலியோ கழுத்து வலியோ வந்த 347 பேரிடம் இதே வகை மாத்திரை ஒன்றைச் சோதித்தார்கள். வெறும் போலி மாத்திரையை விட அது மேலாக இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், நாட்பட்ட கீழ் முதுகு வலிக்கு அபினி வகை மருந்துகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. இடுப்புப் பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் 'டிராக்ஷனும்' கூட அந்த 'வேண்டாம்' பட்டியலில் இருக்கின்றன!

பலன் இல்லாவிட்டாலும் பாதகம் இல்லை என்று இருந்தால் மனத் திருப்திக்காவது கொடுக்கலாம். அப்படியும் இல்லை. எங்கள் ஊரில் குறுக்கு வலி என்றால் முதல் வைத்தியம் சூட்டு ஒத்தடம். பாலக்காட்டு வெயிலைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். சூடு பட்டால் இந்த ஒட்டிலிருந்து மருந்து வேகமாக உடலில் இறங்கும். மூச்சு மந்தமாகி, தூக்கத்திலேயே நின்றுவிடவும் கூடும். பயந்து ஒட்டைப் பிய்த்துப் போட்டாலும் உடனே தப்பிக்க முடியாது. ஃபென்டனில் இரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 17 மணி நேரம் ஆகும். கழற்றி எறிந்த ஒட்டிலும் மருந்து மிச்சம் இருக்கும். அதை எடுத்து வாயில் வைத்த குழந்தைகள் இறந்திருக்கிறார்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2012இல் எச்சரித்தது.

பெரியப்பாவின் வீட்டுக்குச் செவிலியர் வருகிறார், அளவைப் பார்க்கிறார். அவர் உடலும் முன்பே மார்ஃபினுக்குப் பழகியது. என் அம்மா தனியாகப் படுத்திருப்பவர். நான் பெட்டியில் கொண்டு போய்க் கொடுக்கும் ஒட்டுக்கு யார் காவல்? அடுத்தவருக்காக இதை எடுத்துப் போவது சட்டப்படியும் குற்றமே.

அப்படியானால் அம்மாவுக்கு என்ன செய்தேன்? கோயம்புத்தூரில் ஓர் இயன்முறை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பயமுறுத்தும் நோய் எதுவும் இல்லை, படுத்தே கிடக்காதீர்கள் என்று சொல்லி, நான்கு பயிற்சிகள் கற்றுக் கொடுத்தார். மாடு கறக்க உயரமான முக்காலி ஒன்று செய்தோம். புல் அறுக்க ஆள் வைத்தோம். காலையும் மாலையும் கோயில் வரை நடக்கிறார். வலி போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் "முந்தி மாதிரி இல்ல கண்ணு, நடமாட முடியுது" என்கிறார்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. எல்லா முதுகு வலியும் சாதாரண வலி அல்ல. கால் வலுவிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடாத காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தாலும் காட்டத் தாமதிக்கக் கூடாது. முதுகெலும்பில் காசநோய் வருவது நம் நாட்டில் புதிதல்ல.

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு ஒரு குற்ற உணர்வு உண்டு. பெற்றோரின் வலிக்குப் பக்கத்தில் இல்லையே என்ற உறுத்தலை, விலை உயர்ந்த மருந்தாக மாற்றிப் பெட்டியில் வைக்கிறோம். நானும் அப்படிச் செய்யப் பார்த்தவன்தான். வீட்டில் புற்றுநோயாளி இருந்தால், மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டு அஞ்சாமல், மருத்துவரிடம் துணிந்து கேளுங்கள். அது அவருடைய உரிமை. குறுக்கு வலிக்கு அந்த மருந்தைக் கேட்டால், "வேண்டாம் அம்மா" என்று சொல்லும் துணிவும் நமக்கு வேண்டும். சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடாமல், "இன்னைக்குக் கோயில் வரைக்கும் நடந்தீங்களா?" என்று நாள்தோறும் கேளுங்கள். நான் கேட்கிறேன். கேட்பேன் என்பதற்காகவே நடப்பதாக அம்மா சொல்கிறார்.