பின்வாங்க ஓர் இடம்

விளையாட்டில் சச்சரவு எப்பொழுது தோன்றுகிறது என்று கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். காய்கள் தொலைவில் நிற்கும்வரை ஆடுகிறவர் இருவரும் நண்பர்களே. அவை ஒன்றையொன்று நெருங்கிய பின்னரே, "என் ஆள் தொட்டுவிட்டான்" என்றும், "இல்லை, இன்னும் ஓர் அங்குலம் இருக்கிறது" என்றும் குரல் உயர்கிறது. மேலைநாடுகளில் சிறுவரோடு பெரியவரும் விரும்பி ஆடும் பொம்மைச் சிப்பாய்ப் போர் விளையாட்டில், இந்த ஓர் அங்குலத்தின் பொருட்டே பக்கம் பக்கமாக விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. இம்மாதம் அவ்விதிகளைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். இல்லறத்தாராகிய நமக்கும் அவற்றில் ஒரு பாடம் காத்திருக்கிறது.

1824-ஆம் ஆண்டில் பிரஷ்யப் படை அதிகாரிகள் பயிற்சிக்காகப் பயன்படுத்திய போர் விளையாட்டை இல்லத்துக் கூடத்திற்கு ஏற்றதாக மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஆங்கில நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ். 'லிட்டில் வார்ஸ்' என்னும் அவருடைய சிறு நூல் 1913-இல் வெளிவந்தது. பன்னிரண்டு வயது முதல் நூற்றைம்பது வயது வரையுள்ள சிறுவர்களுக்கு உரியது என்று தலைப்பிலேயே வேடிக்கையாகக் குறித்திருந்தார். ஈயச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி, விசை வைத்த பொம்மைப் பீரங்கியால் மெய்யாகவே சுட்டு வீழ்த்துவது ஆட்டம். காலாட்படை வீரன் ஒரு முறைக்கு ஓர் அடி தூரம் நகரலாம். குதிரை வீரன் இரண்டு அடி நகரலாம்.

தொலைவிலிருந்து சுடுவதில் வழக்கு இல்லை. விழுந்த பொம்மை இறந்த பொம்மை, அவ்வளவே. ஆனால் இரு படைகளும் நெருங்கி முட்டிக்கொண்டால் யார் வென்றதாகக் கொள்வது? வெல்ஸ் இறுதியாக வகுத்த விதியில் பகடைக்கோ நாணயத்திற்கோ இடமில்லை. ஆளுக்கு ஆள் கணக்கு. பதினொருவர் வந்து ஒன்பதின்மரைத் தாக்கினால், இரு பக்கத்திலும் ஒன்பதின்மர் மடிவர், இருவர் எஞ்சுவர்.

இதற்கு ஒரு விலக்கு வைத்தார். தாக்கப்பட்ட சிறு படை தனித்து நிற்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். அதன் தொகையில் பாதியளவேனும் உள்ள துணைப்படை, ஒரு நகர்வில் வந்து சேரக்கூடிய தொலைவில் இல்லையானால், அது தனித்து விடப்பட்ட படை. அப்பொழுது இரு தொகைகளுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவோ, அத்தனை பேர் கைதிகளாவர். மிஞ்சியவர் மட்டுமே ஆளுக்கு ஆள் மடிவர். அதே ஒன்பதின்மர் தனித்திருந்தால், இருவர் கைதியாக, எழுவர் எழுவராக இரு பக்கமும் மடிய, பதினொருவரில் நால்வர் எஞ்சுவர். தனித்து நின்ற ஐவரைப் பதின்மர் சூழ்ந்துகொண்டால் ஓர் உயிரும் சேதமில்லை, ஐவரும் சரணடைந்துவிடுவர். ஆக, கைகலப்பின் முடிவு கைகலப்பிற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. அருகில் துணையை நிறுத்தி வைத்தோமா இல்லையா என்பதே கேள்வி.

பிற்காலத்தில் வந்தவர்கள் வேறொரு நுட்பத்தைக் கண்டார்கள். 1990-இல் இங்கிலாந்தில் வெளியான 'டி பெல்லிஸ் ஆன்டிக்விடாட்டிஸ்' என்னும் பண்டைக்காலப் போர் விளையாட்டில் பக்கத்திற்குப் பன்னிரண்டு அணிகளே உண்டு. ஒவ்வோர் அணிக்கும் முன்னால், அதன் அகலமளவிற்கு ஓர் எல்லை கருதப்படும். எதிரி அணி அதற்குள் கால் வைத்துவிட்டால் விருப்பம்போல் திரிய முடியாது. எதிரே நேராக நிற்கலாம், முட்டலாம், இல்லையேல் வந்த வழியே பின்னிடலாம். மோதிய பின் இருவரும் பகடை உருட்டித் தத்தம் வலிமை எண்ணைக் கூட்டுவர். சற்றே குறைந்தவர் பெரும்பாலும் அழிவதில்லை. ஓர் அடி பின்வாங்கித் தப்புவர். ஆனால் பக்கவாட்டில் எதிரி நெருக்கிக்கொண்டு பின்வாங்க வழியில்லாமற் போனால், அந்தச் சிறு தோல்வியே அழிவாக முடியும்.

'வார்ஹாமர் 40,000' என்னும் ஆட்டத்தின் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இதே கருத்தைக் காணலாம். பாய்ந்து தாக்குவதாக அறிவித்தாலன்றி எதிரிக்கு ஓர் அங்குலத்திற்குள் செல்லக்கூடாது. அறிவித்த பின் இரு பகடைகளை உருட்டவேண்டும். கிடைத்த எண் தூரத்திற்குப் போதாவிட்டால் இருந்த இடத்திலேயே நிற்கவேண்டும். சிக்கிக்கொண்ட பின் விலகிச் செல்ல வழி உண்டு. எனினும் அம்முறை, பொதுவாக, சுடவும் இயலாது, மீண்டும் பாயவும் இயலாது. நெருங்குவதற்கும் விலை; விலகுவதற்கும் விலை.

போர் விளையாட்டு பிள்ளைகளின் நெஞ்சைக் கல்லாக்காதா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. இவ்வாட்டத்தைச் சில முறை ஆடியவன் உண்மைப் போர் எத்துணை மூடத்தனம் என்பதை உணர்வான் என்று வெல்ஸ் நம்பினார். நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1914-இல், முதல் உலகப் போர் மூண்டது. விளையாட்டு உலகைத் திருத்திவிடவில்லை. ஆயினும் ஆடுகிற இருவர், ஒரே அளவுகோலை ஏற்று, தோல்வியையும் கணக்குப்படி ஒப்புக்கொள்ளப் பழகுவது சிறு பயிற்சியன்று.

அன்பர்களே, நம் இல்லங்களிலும் தொலைவில் உள்ளவரோடு நமக்கு மோதல் இல்லை. ஒரே கூரையின்கீழ், ஓர் அங்குல தூரத்தில் வாழ்பவரோடுதான் கைகலப்பு. கணவன் மனைவியோ, மாமியார் மருமகளோ, அண்ணன் தம்பியோ சொல்லால் மோதும்போது நாம் இரண்டைப் பார்க்கிறோமா? எதிரே நிற்பவர் வீட்டில் துணையின்றித் தனித்து விடப்பட்டிருக்கிறாரா? தம் மதிப்புக் கெடாமல் ஓர் அடி பின்வாங்க அவருக்கு இடம் வைத்திருக்கிறோமா? பொம்மைச் சிப்பாய் அழிந்தால் அடுத்த ஆட்டத்தில் மீண்டும் எடுத்து நிறுத்திவிடலாம். உடைந்த மனத்தை அவ்வாறு நிறுத்த நம்மால் ஆகாது. ஆகவே, வாதில் வெல்லும் நிலை வரும்போதெல்லாம் எதிரே நிற்பவருக்குப் பின்னால் ஓர் அடி இடம் விட்டு வைப்போமாக.