ஓரிரு இடங்களில் என்றால் பொய் என்று அர்த்தமல்ல



"வானிலை அறிக்கை இன்னைக்கும் பொய்" என்று குடும்பக் குரூப்பில் சிரிக்கிறீர்கள். அறிக்கையை முழுசாகப் படித்தீர்களா? "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை" என்றுதான் இருக்கும். ஓரிரு இடங்கள் என்றால், வானிலைத் துறைக் கணக்கில், மழை அளக்கும் நிலையங்களில் 25 சதவீதம் வரை. மீதி முக்கால் பங்கு காய்ந்து கிடந்தாலும் அறிக்கை சரிதான். கோடை மழை அப்படித்தான். சாத்தான்குளத்தில் கொட்டும், நம்ம நாசரேத்தில் தூசி பறக்கும்.

மழை வந்தால் நமக்குக் கொடியில் துணி நனையும், அவ்வளவுதான். பதநீர் இறக்குகிறவர் இடி இடிக்கையில் பனை உச்சியில் இருப்பார். ஆறுமுகநேரி உப்பளத்தில் ஒரு மழை விழுந்தால் பாத்தியில் விளைந்த உப்பும் போச்சு, கூலியும் போச்சு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு மாணவனை அடித்துக்கொண்டு போனதே, மறந்துவிட்டதா?

தேதியே இல்லாத ஆடியோவை நம்பி நாலு பேருக்கு அனுப்புகிறீர்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை மட்டும் கேலியா? இந்த வாரம் அறிவிப்பு வந்தால், பனையேறுகிற அண்ணாச்சிக்கும் உப்பளத்துக்குப் போகிற அக்காவுக்கும் முதலில் ஒரு போன் போடுங்கள். சிரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.