வெறுந்தட்டுத் தராசு



இந்த வாரம் ஓர் ஓவியத்தைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரத்தில் வாழ்ந்த யோகான்னஸ் வெர்மீர், ஏறத்தாழ 1664-இல் வரைந்த ‘தராசு ஏந்திய பெண்’ என்பதே அது. உயரம் 40 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் அளவுதான். இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. கைப்பேசியில் தேடி, படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மேலே வாசியுங்கள்.

ஒரு வீட்டின் உள்ளறை. இடப்புற ஜன்னலின் மஞ்சள் திரையைத் தாண்டிச் சிறிது வெளிச்சம் உள்ளே விழுகிறது. நீலநிற மேலங்கி அணிந்த பெண் மேசையருகே நின்று, வலது கையில் சிறு தராசைப் பிடித்திருக்கிறாள். மேசையில் திறந்த நகைப்பெட்டி, முத்துச் சரங்கள், காசுகள். அவளுக்கு எதிரே சுவரில் ஒரு கண்ணாடி. அவளுக்குப் பின்னாலோ, கறுப்புச் சட்டமிட்ட நியாயத்தீர்ப்பின் படம்: மேலே மகிமையில் கிறிஸ்து, கீழே கல்லறைகளை விட்டு எழுந்திருக்கும் மனிதர்கள்.

1696-இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போனபோது இதைப் பொன் நிறுக்கும் பெண் என்றே பட்டியலில் எழுதினார்கள். 155 கில்டருக்கு விற்றது. முத்து நிறுக்கிறாள் என்று பின்னர் வேறு சிலர் சொன்னார்கள். நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தபோதுதான் இரண்டும் சரியல்ல என்று தெரிந்தது. மேசையிலுள்ள முத்துகளை வெர்மீர் இரண்டு அடுக்காகத் தீட்டியிருக்கிறார்: அடியில் மங்கிய சாம்பல் நிறம், அதன்மேல் ஒரு வெண்புள்ளி. தராசுத் தட்டில் பளிச்சிடுவதில் அந்த இரண்டு அடுக்கு இல்லை. அது வெறும் ஒளி. தட்டுகள் காலியாக இருக்கின்றன.

உலக ஆஸ்தியில் மயங்கி நியாயத்தீர்ப்பை மறந்தவள் என்று இவளைக் கடிந்துகொள்வோர் உண்டு. பிரசங்கத்துக்கு வசதியான விளக்கம்தான்; ஆனால் நான் அதை ஏற்கவில்லை. அவள் முகத்தைப் பாருங்கள், பேராசையின் சாயல் ஏதும் அதில் இல்லை. அவளுடைய பார்வையும் நகைகளின் மேல் இல்லை, தராசின்மேல் இருக்கிறது. சமமாக நிற்கிறதா என்று பார்க்கிறாள், அவ்வளவே.

ஓவியரும் நம் கண்ணை அங்கேதான் கொண்டுபோகிறார். அறையின் கோடுகளெல்லாம் ஓடிச் சென்று சந்திக்கும் புள்ளி, தராசைப் பிடித்த கையின் விரல் நுனியருகே விழுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். சுவர்ப்படத்தின் சட்டத்தின் கீழ்விளிம்பு, அவளுக்குப் பின்னால் இருப்பதைவிட அவளுக்கு முன்னால் சற்று உயர்ந்திருக்கிறது. உண்மையான சட்டம் அப்படி இருக்க முடியாது; தராசுக்கு இடம் விடவே அதை உயர்த்தியிருக்கிறார். நியாயத்தீர்ப்புப் படங்களில் பிரதான தூதனாகிய மிகாவேல் தராசோடு நிற்கும் இடம் ஒன்று உண்டு. இங்கே அந்த இடத்தை மறைத்துக்கொண்டு ஒரு குடும்பப் பெண் நிற்கிறாள். பெல்ஷாத்சாரின் அரண்மனைச் சுவரில் எழுதப்பட்ட தீர்ப்பும் எடையைப் பற்றியதே என்பதைத் தானியேல் ஐந்தாம் அதிகாரத்தில் வாசித்திருக்கிறீர்கள். அந்த ராஜாவை நிறுத்தது வேறொருவர். இவளோ தன் தராசை முன்னதாகவே பார்த்துக்கொள்கிறாள்.

இதை உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மல்லாட்டை மூட்டையைத் திண்டிவனம் விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோகிறவர்கள், மூட்டை ஏறுமுன் தராசில் சுழியம் காட்டுகிறதா என்று பார்க்காமல் விடுவதில்லை. அரைக் கிலோவுக்கு வாக்குவாதம் செய்வோம், செய்யவும் வேண்டும். அதே நாம், பிள்ளைகளின் திருமணப் பேச்சில் உட்காரும்போது எந்தத் தராசைக் கையில் எடுக்கிறோம்? பெண்ணின் விசுவாசம், படிப்பு, குணம் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. எத்தனை சவரன் என்ற பேச்சுதான் மாலைவரை நீள்கிறது. ‘நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகவே போடுகிறார்கள்’ என்ற வாக்கியத்தை எத்தனையோ வீடுகளில் கேட்டுவிட்டேன். 1961-இலேயே வரதட்சணையைச் சட்டம் தடைசெய்துவிட்டது. சபையோ இன்னும் அதற்கு அன்பளிப்பு என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது.

நகை பாவம் என்று நான் சொல்லவில்லை. வெர்மீரும் சொல்லவில்லை, அந்த முத்துகளை அவர் எவ்வளவு ஆசையோடு தீட்டியிருக்கிறார்! (இந்தப் படம் உருவான காலத்தில் நம் தூத்துக்குடி முத்துக்குளித்துறை டச்சுக் கம்பெனியின் கையில் இருந்தது, 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து அதைப் பிடித்தார்கள். டெல்ஃப்ட் செல்வத்தைப் பார்க்கும்போது மூச்சடக்கி மூழ்கிய நம் பரதவரையும் நினையாமல் இருக்க முடியவில்லை.) அறையில் நகையும் இருக்கிறது, நியாயத்தீர்ப்பும் இருக்கிறது. நடுவே தராசைப் பிடித்த கை நடுங்காமல் இருக்கிறது.

நம் மேல்சித்தாமூர் சமண மடத்தைச் சார்ந்த நயினார் குடும்பங்களிடம், இல்லறத்தார் தம் உடைமைக்குத் தாமே ஓர் அளவு வைத்துக்கொள்ளும் விரதம் ஒன்று உண்டு. அண்டை வீட்டாரின் அந்த ஒழுக்கத்தை நான் மதிக்கிறேன். நாமோ கிருபையைப் பற்றிப் பேசுகிறோம். போதும் என்று சொல்லும் அளவைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம்.

ஆகையால் சபைக் கமிட்டியின்முன் ஒரு யோசனை வைக்க இருக்கிறேன். இனி மூன்று ஞாயிறும் திருமண ஓலை வாசிக்கப்படுவதற்கு முன்னரே, இரு வீட்டாரும் ஒன்றாக ஆயர் இல்லத்துக்கு வந்து, பொன்னோ பணமோ வாகனமோ பேசி முடிக்கப்படவில்லை என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். சிலருக்கு இது கசக்கும் என்று அறிவேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் கமிட்டி கூடுமுன் என்னிடம் நேரில் வந்து பேசுங்கள்.