காலந் தாழ்த்த கடிதம்

என்னோடு ஒரே கல்லூரியிற் பல்லாண்டு கற்பித்த நண்பர் ஒருவரைச் சென்ற மாதம் வைத்தியசாலையிற் கண்டேன். கழுத்திலே குழாய், அருகே குருதியைச் சுத்திசெய்யும் இயந்திரம். பதினைந்தாண்டாக நீரிழிவுக்கு மருந்துண்டவர். சிறுநீரக வைத்திய நிபுணரை அவர் முதன்முதற் கண்டதோ அதற்குப் பத்து நாளின் முன்னரேயாம்.

இஃது அவரொருவர் கதையன்று. சிறுநீரகம் தன் ஆற்றலிற் பெரும்பகுதியை இழக்கும்வரை முறையிடுவதில்லை. வலியுமில்லை, காய்ச்சலுமில்லை, குருதியிலே கிரியேற்றினின் அளவு மெல்ல உயரும், அவ்வளவே. அதைக்கொண்டு சிறுநீரகம் வடிக்குந் திறனைக் கணிப்பர். அத்திறன் நிமிடத்துக்கு 30 மில்லிலீற்றரிற் குறையின் நிபுணரிடம் அனுப்புக என்பது இன்றைய மருத்துவ நெறி. 15இற் குறையின் இறுதிக் கட்டம்.

இவ்விரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட காலமே நோயாளியின் செல்வம். கையிலே நாடியையும் நாளத்தையும் இணைத்து இயந்திரத்துக்கு நல்வழி அமைக்கலாம். அவ்விணைப்பு முதிர வாரங்கள், சிலவேளை மாதங்கள் செல்லும். சிறுநீரகம் ஈவாரைத் தேடவும் காலம் வேண்டும். அக்காலத்தை இழந்தார்க்குக் கழுத்துக் குழாயே கதி. கிருமி புகுதற்கு அஃதோர் எளிய வாயில்.

நம் நாட்டிலே 1990களில் வடமத்திய மாகாண உழவரிடையே காரணந் துணியப்படாத சிறுநீரக நோய் வெளிப்பட்டது. 2021இற் பொலன்னறுவையிற் சிறுநீரக நோய்க்கெனப் பெரியதொரு வைத்தியசாலையுந் திறக்கப்பட்டது. நன்று. ஆயினும் அதன் வாயிலுக்கு உரிய வேளையில் வழிகாட்டுவார் இல்லையெனிற் கட்டடம் என்செய்யும்?

யாரை நோவது? நண்பருக்கு மருந்தெழுதியவர் ஒருநாளிற் பலநூறு பேரைப் பார்ப்பவர். நண்பரோ, உயர்ந்த எண் குறித்த பரிசோதனைச் சீட்டை இரண்டாண்டு மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். நிபுணரிடம் போனால் இயந்திரத்தில் ஏற்றிவிடுவர் என்று அஞ்சினாராம். முன்னரே போயிருப்பின் அவ்வியந்திரத்தைச் சில ஆண்டுகளேனும் தள்ளிவைத்திருக்கலாம் என்பதை அவர்க்கு எடுத்துரைப்பார் இலர்.

வள்ளுவனார் மருந்து அதிகாரத்திலே, நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் மட்டுமன்றிக் காலத்தையும் கருதுமாறு வைத்தியனுக்குப் பணித்தார். யான் அக்குறளை முப்பதாண்டு கற்பித்தேன், அருகிருந்த நண்பரிடம், "உமது கிரியேற்றின் எவ்வளவு?" என ஒருநாளும் கேட்டேனல்லேன்.

மாணவன் தவறிய பின்னர்ப் பெற்றாருக்குக் கடிதம் எழுதும் ஆசிரியனை நாம் மெச்சுவதில்லை. நீரிழிவோ குருதியமுக்கமோ உடைய அன்பர்காள், அடுத்தமுறை வைத்தியரைக் காணுங்கால் அவ்வெண்ணைக் கேளுங்கள். வேண்டுமாயின் நிபுணருக்குக் கடிதமும் கேளுங்கள்.