நாற்சார் வீட்டை இடிக்குமுன்

யாழ்ப்பாணத்தின் பழைய மனை எது என்று கேட்டால் பலரும் நல்லூர் மந்திரிமனையைத்தான் காட்டுவார்கள். அளவெட்டியின் ஒழுங்கைகளுக்குள் நிற்கும் நாற்சார் வீடுகளை யாரும் காட்டுவதில்லை. அவையும் வரலாறுதான் என்பது என் கருத்து.

நாற்சார் என்றால் நான்கு பக்கமும் தாழ்வாரமும் அறைகளும், நடுவில் வானம் பார்த்த முற்றமும். வாசலில் திண்ணை. பெரிய வீடு என்றதும் நாம் செங்கல்லை நினைக்கிறோம். குடாநாட்டில் நிலத்தைத் தோண்டினால் வருவது சுண்ணாம்புக்கல். அதை வெட்டிச் சுவர் எழுப்பி, சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். கூரைக்குப் பனைமரம், அதன்மேல் ஓடு. தடித்த சுவர் வெயிலை மெதுவாகவே உள்ளே விடும். சூடான காற்று முற்றத்தால் மேலே போகும். மாரி மழை முற்றத்தில் விழுந்து, வளவுக்கு ஓடி, நிலத்துக்குள் இறங்கும். கிணற்று நீரை நம்பி வாழும் ஊருக்கு இது சின்ன விடயமல்ல. இன்றோ கொங்கிறீற் வீடு கட்டி, மின்விசிறி போதாமல் ஏசியும் பூட்டுகிறோம்.

பிறகு ஏன் இவை அழிகின்றன? போரும் இடம்பெயர்வும் ஒரு காரணம். பிள்ளைகள் பல நாடுகளில் இருக்க, ஒரு வீட்டுக்குப் பல உரிமைக்காரர். கூரையைத் திருத்த ஒருவருமில்லை. பின்பு தூணும் கதவும் விலைபோகின்றன. சட்டமும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றையே தானாகப் புராதனச் சின்னமாகக் கொள்கிறது. பிற்பட்ட கட்டடமென்றால் வர்த்தமானியில் தனியாக அறிவிக்க வேண்டும். இன்று நிற்கும் நாற்சார் வீடுகள் பல அதற்குப் பிற்பட்டவை.

"அவை வசதியானவர்களின் வீடுகள், சாதி பார்த்து ஆட்களை வெளியே நிறுத்திய வீடுகள். ஏன் காக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் யார் திண்ணையோடு நின்றார்கள், யார் முற்றம்வரை வந்தார்கள், பெண்கள் எந்த அறையோடு இருந்தார்கள் என்பதற்கும் அந்த வீடுதான் சாட்சி. இடித்தால் பெருமையோடு அந்தச் சாட்சியும் போய்விடும். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் பிள்ளைகளுக்கு இது நன்றாக விளங்கும். வீடு இல்லாமற் போனால், வாழ்ந்தோம் என்று சொல்ல உறுதியும் பெரியவர்களின் ஞாபகமும் மட்டுமே மிஞ்சும்.

எல்லா வீட்டையும் காக்க முடியாது. ஆனால் இடிக்குமுன் அளக்கலாம், படம் வரையலாம், அங்கு வாழ்ந்த மூத்தவர்களின் பேச்சைப் பதிவு செய்யலாம். இதற்கு அளவு நாடாவும் பென்சிலும் ஒரு கைத்தொலைபேசியும் போதும். பாடசாலை வரலாற்று மன்றங்களே இதைத் தொடங்கலாம். பெற்றோரே, அப்படியொரு வீட்டை உங்களுக்குத் தெரியுமென்றால், அடுத்த விடுமுறையில் எங்களை அங்கே கூட்டிச் செல்லுங்கள்.