உல்கும் கடவுச்சீட்டும்

சங்க இலக்கியத்தில் துறைமுகம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவன குதிரையும் மிளகும் முத்தும்தாம். அத்துறையில் அமர்ந்திருந்த சுங்க அலுவலரைப் பெரும்பாலும் நாம் கடந்துபோய்விடுகிறோம். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் அவ்வாறு கடந்துபோகவில்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் கடலிலிருந்து இறங்கும் பண்டங்களையும் நிலத்திலிருந்து கடலுக்குச் செல்லும் பண்டங்களையும் சோழனின் புலிமுத்திரையிட்டு அனுப்பும் ஓயாத பணியாளராக அவர்களை அவர் காட்டுகிறார். அவர்கள் தண்டிய வரிக்கு அன்றைய பெயர் உல்கு. அதே புலவரின் பெரும்பாணாற்றுப்படையிலும் உல்கு வருகிறது. அங்கே அது மிளகுப்பொதி சுமந்த கழுதைச் சாத்து நடக்கும் பெருவழியில் இருக்கிறது. மிளகும் ஏலமும் மலையிறங்கி வரும் கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இந்த இரண்டாவது காட்சியே நெருக்கமானது.

இவ்விரு பாட்டிலும் உல்கு பண்டத்தின்மீதே விழுகிறது, மனிதன்மீது அன்று. பிற்காலத்து அரசுகள்தாம் பொதியைப் பிரித்துப் பார்ப்பதோடு நில்லாமல், பொதியைச் சுமந்து வருபவனையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கின. சுங்கத்தோடு, ஈழத்தார் 'குடிவரவு' என்று அழகாகச் சொல்லும் சோதனையும் சேர்ந்துகொண்டது. அச்சோதனை எல்லார்மீதும் ஒரே கனத்தோடு விழுகிறதா என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வி.

2023 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் ஒன்று புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைகளைத் தொட்டுத் திரும்பும் பயணம். இத்தகைய கப்பல்களில் சோதனை நடைபெறும் முறை அறியத்தக்கது. பயணிகளின் பெயர்ப்பட்டியல் கப்பல் வந்து சேருமுன்பே துறைமுகத்துக்குப் போய்விடுகிறது. பல துறைகளில் சுகாதார, சுங்க, குடிவரவு அலுவலர்கள் தாமே கப்பலுக்கு வந்து ஆவணங்களைச் சரிபார்க்கின்றனர். பல வேளைகளில் கடவுச்சீட்டுகளைக் கப்பல் அலுவலகமே வாங்கி வைத்துக்கொண்டு மொத்தமாகக் காட்டுகிறது. பயணி கப்பலில் தந்த அட்டையோடு கரையிறங்கி, மாலையில் அதே அட்டையைக் காட்டி ஏறிக்கொள்கிறார். எல்லை என்ற ஒன்றைக் கடந்ததே அவருக்குத் தெரியாமல் போகலாம்.

இவ்வசதிக்குச் சொல்லப்படும் நியாயம் தெளிவானது. வருபவர் யார் என்று முன்பே தெரியும். பொழுது சாய்ந்ததும் வந்த கலத்திலேயே திரும்பிவிடுவார். அவருக்குக் கப்பல் நிறுவனம் பொறுப்பேற்கிறது. நியாயம் சரியானதே. ஆனால் இந்நியாயம் பொருந்திய எல்லாருக்கும் இவ்வசதி கிடைத்திருக்கிறதா என்று பார்த்தால் வரலாறு வேறுவிதமாகப் பேசுகிறது.

அதே கடலின் இன்னொரு துறைக்கு வருவோம். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. இரயில், கப்பல், மீண்டும் இரயில் என்று சென்னையும் கொழும்பும் இணைந்தன. தனுஷ்கோடியில் சுங்க அலுவலகமும் இருந்தது. ஆனால் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலிகளுக்குச் சோதனை அதற்கு முன்னரே, மண்டபம் முகாமில் தொடங்கிவிட்டது. அங்கே அவர்கள் நாட்கணக்கில் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்கு உள்ளாயினர்; உடைகள் ஆவியில் வேகவைக்கப்பட்டன. தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லை அவர்களுடைய அடையாளமாயிற்று. பழைய மதுரை மாவட்டமும் ஆள்சேர்ப்பு நடந்த மாவட்டங்களுள் ஒன்று. 1996இல் தேனி பிரிக்கப்படும்வரை நம் பள்ளத்தாக்கு அம்மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

இக்கூலிகள் யாரென்று அரசுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். பட்டியல் இருந்தது, பொறுப்பேற்கக் கங்காணி இருந்தார், சேருமிடமும் முன்பே முடிவாகியிருந்தது. இன்று சொகுசுக் கப்பலுக்குச் சொல்லப்படும் நியாயங்களுள் பெரும்பாலானவை அவர்களுக்கும் பொருந்தின. ஆயினும் மேல்வகுப்புப் பயணி தன் வழியே போக, கூலி முகாமில் கிடந்தான். புலிமுத்திரை பொதியிலிருந்து மனிதனுக்கு இடம்மாறியது இங்குதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்கவும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974வரை தள்ளிவைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் இராமேசுவரம் துறையாயிற்று. தாயகம் திரும்பியோர் பலர் அங்கே வந்திறங்கி மண்டபம் முகாமுக்கே போயினர். பாட்டன் சோதிக்கப்பட்ட முகாமில் பேரனும் வரிசையில் நின்றான். அவர்களுள் பலர் கப்பலேறும்வரை இந்தியாவைக் கண்டிராதவர்கள்.

இனி நம் மலைக்குத் திரும்புவோம். கம்பம், தேவாரம், போடி வட்டாரங்களிலிருந்து நாள்தோறும் விடியலில் ஜீப்புகள் புறப்படுகின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்வோர், பெரும்பாலும் பெண்கள், அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பர். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டன. பண்டத்துக்கு இருந்த தடை அன்று நீங்கிற்று. ஆளுக்கான தடை எந்நேரமும் திரும்பக்கூடும் என்பதை 2020 காட்டியது.

அவ்வாண்டு பிப்ரவரியில் யோகோஹாமா துறையில் 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பல் 3,711 பேரோடு தடுத்து நிறுத்தப்பட்டபோது உலகமே அதைப் பார்த்தது. அக்கப்பலில் இருந்த இந்தியர் 138 பேருள் 132 பேர் பணியாளர்கள். அறைக்குள் அடைபட்ட பயணிகளுக்கு உணவு கொண்டு கொடுத்தவர்கள் பணியாளர்கள். அடுத்த மாதமே ஊரடங்கு வந்து நம் மலைப்பாதைகள் மூடப்பட்டன. ஏலத்தோட்ட ஜீப்புகள் நின்றன. ஒரே நாட்டுக்குள் அனுமதிச்சீட்டு, தனிமைப்படுத்தல் என்ற சொற்கள் புழங்கலாயின. கணினியில் விண்ணப்பிக்கத் தெரிந்தவருக்கு வழி பிறந்தது. அன்றாடம் காய்ச்சிகளுக்கு வேலையே போயிற்று.

நோயைத் தடுக்க அரசு சோதித்தது தவறா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். தவறென்று நாம் சொல்லவில்லை. கப்பலுக்குச் சொல்லப்படும் மூன்று நியாயங்களை மீண்டும் பாருங்கள். ஜீப்பில் செல்லும் பெண்கள் யாரென்று ஓட்டுநருக்கும் தோட்டக்காரருக்கும் தெரியும். மாலையில் அதே ஜீப்பில் திரும்புகிறார்கள். பொறுப்பேற்க முதலாளி இருக்கிறார். பட்டியலை முன்னரே பெற்று, அலுவலர் வண்டியிடம் வந்து சரிபார்த்து, ஓர் அட்டையைக் கொடுத்து அனுப்பும் ஏற்பாடு கடலில் இயலுமானால் குமுளியில் ஏன் இயலாது? அறிவுக்குறையன்று காரணம், சீட்டின் விலையே காரணம்.

எல்லையில் இணக்கம் இயலாத ஒன்றன்று என்பதற்கு நம் கண்ணெதிரே சான்று உண்டு. புகாரில் பிறந்த கண்ணகிக்கு மங்கலதேவி மலையில் கோயில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமியன்று, ஆண்டுக்கு ஒருநாள், தேனி, இடுக்கி மாவட்ட நிருவாகங்கள் கூடிப் பேசி வழி திறக்கின்றன. பளியங்குடி வழியாக நடந்தும் குமுளியிலிருந்து ஜீப்பிலும் மக்கள் செல்கின்றனர். நெகிழிப் பொருள்களைத் தடுக்கப் பைகள் சோதிக்கப்படுகின்றன. சோதனை உண்டு, ஆனால் வருபவர் பக்தர் என்ற மதிப்பும் உண்டு. அந்த ஒருநாள் மதிப்பை, எஞ்சிய நாட்களில் அதே மலையேறும் கூலிப்பெண்ணுக்கும் அளிக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பலுக்கும் இதுவே அளவுகோல். உறவினர் சாவுக்கும் திருமணத்துக்கும் கடல் கடப்பவருக்கு, உல்லாசப் பயணிக்குக் கிடைக்கும் எளிமையில் பாதியாவது கிடைக்கிறதா என்று கேட்க வேண்டும். முதற்குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று நம் வரலாறு நன்றியோடு குறித்துவைத்திருக்கிறது. இன்றைய அரசுகளிடம் சுங்கத்தைத் தவிர்க்குமாறு நாம் கேட்கவில்லை. சோதிக்கும் கை எல்லாரிடத்தும் ஒரே பணிவோடு நீளட்டும் என்றே கேட்கிறோம்.