கசிவைப் பாராமல் கணக்கை நம்பலாமா?

புள்ளிவிபரங்களைச் சந்தேகிப்பதே என் தொழில். ஆயினும் உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய்க்காகக் கல்லடியில் என் கட்டிலருகே இருக்கும் சீபாப் கருவி காலையில் காட்டிய இலக்கத்தை மட்டும் அப்படியே நம்பினேன். மணிக்கு 3 தடைகள். 5க்குக் கீழ் என்றால் நலம். பின் ஏன் பகலெல்லாம் தூங்கி விழுந்தேன்?

விடை அடுத்த வரியில் இருந்தது. ரெஸ்மெட் கருவிகளில் கசிவு நிமிடத்துக்கு 24 லீற்றரைத் தாண்டலாகாது. எனக்கோ 40. (இரவில் எழுந்த சீழ்க்கையை வாவியின் பாடுமீன் என்று வீட்டார் கேலி செய்தனர்.) காற்று அவ்வளவு வெளியேறினால் கருவியால் மூச்சைச் சரிவர அளக்க இயலாது, தடைகள் கணக்கில் விடுபடும். கருவியைத் தந்தவர்கள் இதை எனக்குச் சொல்லவில்லை. தரவை வாசிக்கக் கற்பிக்காத சிகிச்சை அரைச் சிகிச்சை என்பேன்.

பட்டியை இறுக்கினேன், மூக்கில் புண்தான் மிச்சம். 1981இல் இம்முறையை வெளியிட்ட சிட்னியின் கொலின் சலிவன், தொடக்கத்தில் முகமூடியைப் பசையிட்டே ஒட்டினார். நமது புழுக்கத்தில் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் சிலிக்கனை வழுக்கிவிடுகின்றன. முகத்தையும் முகமூடியையும் நாள்தோறும் கழுவி, படுத்தபடி, காற்று ஓடும்போதே பட்டியைச் சரிசெய்தேன். முகமூடியிலுள்ள சிறு துவாரங்கள் வெளிமூச்சு போகும் வழி, அவற்றை அடைக்கக்கூடாது.

கசிவு 10க்கு இறங்கியது. தடைகளோ 3இலிருந்து 9 ஆயின! அதைப் பார்த்த பிறகே மருத்துவர் அழுத்தத்தை உயர்த்தினார்.